299 ரூபாய் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர்: ஒட்டிப் பார்த்ததும் சோதித்துப் பார்த்ததும்

மதுரையில் உள்ள ஒரு மொபைல் உதிரிப்பொருள் கடையில் என் சித்தி, ஒன்று 299 ரூபாய் வீதம், ஆறு கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர்களை 1,794 ரூபாய்க்கு வாங்கி வந்தார். வீட்டில் எத்தனை கைபேசிகள் உண்டோ அத்தனைக்கும் ஒன்று என்று கணக்குப் போட்டு வாங்கியிருந்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியின் கைபேசிக்குத்தான் முதலில் ஒட்டினார். இதை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரையும் கடையின் பெயரையும் குறிப்பிடவில்லை. இதே பொருள் வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு அட்டைப் பெட்டிகளில், ஏறக்குறைய ஒரே வாசகங்களோடு எங்கும் விற்கப்படுவதால், பெயரைவிடப் பொருளை அறிந்துகொள்வதே பயன் தரும்.

சித்தி இதை வாங்கியதற்குக் காரணம் இருந்தது. சென்ற சித்திரையில் சித்தப்பாவின் தலையில், வலது காதுக்குச் சற்று மேலே, மூளை உறையில் வளர்ந்திருந்த ஒரு கட்டியை அறுவைச் சிகிச்சை செய்து அகற்றினார்கள். மெனிஞ்சியோமா என்னும் வகையைச் சேர்ந்தது அது. பெரும்பாலும் புற்றாக மாறாதது. திசுப் பரிசோதனை அறிக்கையும் அப்படியே வந்தது, சித்தப்பாவும் இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அவர் லாரி புக்கிங் ஆபீஸில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர். காலையிலிருந்து இரவு வரை கைபேசி காதோடு ஒட்டியே இருக்கும், அதுவும் வலது காதில். சித்தி இதைக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். “முன்னாடியே ஒண்ணு ஒட்டியிருந்தா இது வந்திருக்காதும்மா” என்று அவர் பதில் சொன்னாராம். அன்று இரவு சித்தி சாப்பிடவில்லை. என்னை அழைத்து, “அவருக்கு இது போனாலதான் வந்துச்சாய்யா? நான் முன்னாடியே பாத்திருக்கணுமோ?” என்று கேட்டார். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துபவன் என்பதால் அந்தக் கேள்வி என்னிடம் வந்தது. கேள்வி இரண்டு பங்காக இருந்தது: ஸ்டிக்கர் வேலை செய்கிறதா, கைபேசியால் கட்டி வருகிறதா.

முதலில் ஸ்டிக்கர். ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில், பொன் நிறத்தில், நடுவில் சக்கரம் போன்ற கோலத்தோடு இருக்கிறது. பெட்டியின் மேல் ஹாலோகிராம் முத்திரையும், “99 சதவீதம் கதிர்வீச்சைத் தடுக்கும்” என்ற வாசகமும் உள்ளன. எந்த ஆய்வகத்தில், எந்த அதிர்வெண்ணில், எந்தத் தரநிலையின்படி சோதித்தார்கள் என்று எங்கும் அச்சிடவில்லை. ஒட்டியிருந்த ஒன்றைக் கத்தி முனையால் நிமிர்த்தி எடுத்துப் பிரித்தேன். மேலே அச்சிட்ட பிளாஸ்டிக் தாள், அதற்குக் கீழே சாக்லேட் உறையைப் போன்ற மெல்லிய உலோகத் தகடு, அதன்பின் பசை. மின்சாரம் பாய வழி இருந்தால் ஒலிக்கும்படி வைத்த மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பொன்னிறக் கோலத்தின் மேல் வைத்தபோது மீட்டர் ஒலிக்கவே இல்லை. மின்கடத்தும் சுருள் போலத் தெரிந்தது வெறும் அச்சு மை.

அடுத்து, மொட்டைமாடியில் ஒரே இடத்தில், ஒரே புத்தக அடுக்கின் மேல், கைபேசியை அசையாமல் வைத்துச் சிக்னலின் வலுவைக் குறித்தேன். ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில் சிம் நிலை என்ற பகுதியில் இது டிபிஎம் என்ற அலகில் தெரியும். எண் பூஜ்யத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு சிக்னல் குறைவு என்று பொருள். ஸ்டிக்கர் இல்லாமல் எடுத்த பத்து அளவுகள் கழித்தல் 88 முதல் கழித்தல் 93 வரை இருந்தன. ஸ்டிக்கருடன் எடுத்த பத்தும் கழித்தல் 87 முதல் 93 வரை இருந்தன. அதே கைபேசியைச் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றியதும் எண் கழித்தல் 112க்கு இறங்கி, மூன்றாம் சுற்றில் “சேவை இல்லை” என்று வந்துவிட்டது.

இந்தச் சிறு சோதனையே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஓர் ஆண்டெனா அலையை எவ்வளவு நன்றாக அனுப்புகிறதோ அவ்வளவு நன்றாகத்தான் வாங்கவும் செய்யும். வெளியே போவதை மறைப்பது உள்ளே வருவதையும் மறைக்கும். ஸ்டிக்கர் உண்மையிலேயே 99 சதவீதத்தைத் தடுத்தால் அழைப்பு கோபுரத்தைச் சேர்வதே பெரும்பாடாகிவிடும். அழைப்பு வழக்கம்போலப் போகிறது என்றால் எதுவும் தடைபடவில்லை. “சிக்னல் குறையாது, கதிர்வீச்சு மட்டும் குறையும்” என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். பேச்சைச் சுமந்து செல்வதே அந்த அலைதான் என்பதால், ஒன்றை விட்டு ஒன்றைக் குறைக்க வழியில்லை. அரைகுறையாகத் தடுத்தால் இன்னும் மோசம்: கோபுரத்தை எட்டுவதற்காகக் கைபேசி தன் வலுவைத் தானே கூட்டிக்கொள்ளும். இதே எச்சரிக்கையை அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் நுகர்வோருக்கு விடுத்திருக்கிறது. இத்தகைய ஒட்டுகளை விற்ற இரண்டு நிறுவனங்கள்மீது 2002இலேயே வழக்கும் தொடுத்தது.

அப்படியானால் கடையில் மீட்டர் வைத்துக் காட்டினார்களே என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் அவரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மரியாதையாகவே நடந்துகொண்டார். கையடக்க மீட்டர் ஒன்றைக் கைபேசிக்கு அருகில் பிடித்து ஓர் எண்ணை அழைத்தார். சிவப்பு விளக்கு எரிந்து மீட்டர் அலறியது. உடனே ஸ்டிக்கரை மேலே வைத்தார். சில நொடிகளில் விளக்கு பச்சைக்கு இறங்கியது. பார்ப்பவர் யாராக இருந்தாலும் நம்பிவிடுவார்கள். நான் வரிசையை மாற்றிச் செய்யச் சொன்னேன்: ஸ்டிக்கரை முதலிலேயே ஒட்டிவிட்டு அழைக்க வேண்டும். அழைத்தார், அதே சிவப்பு, அதே அலறல். சில நொடிகள் பொறுத்திருந்தோம். தானாகவே பச்சைக்கு வந்தது. பிறகு ஸ்டிக்கரே இல்லாமல் ஒருமுறை அழைக்கச் சொன்னேன்; அப்போதும் அப்படியே. அழைப்பைத் தொடங்கும் நேரத்தில் கைபேசி உரக்கக் கூவும், தொடர்பு கிடைத்த பின் தேவையான அளவுக்குக் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். ஸ்டிக்கரின் பெருமையாகக் காட்டப்பட்டது கைபேசியின் இயல்பு. கடைக்காரருக்கே இது தெரியாதிருந்தது என்றுதான் நினைக்கிறேன். மொத்த வியாபாரி சொல்லிக்கொடுத்தபடி செய்திருக்கிறார்.

அதே கண்ணாடிப் பெட்டியில் 999 ரூபாய்க்குக் கறுப்புக் கல் பதித்த “குவாண்டம்” பதக்கமும் இருந்தது. ஸ்டிக்கர் பணத்துக்கு மட்டும்தான் கேடு. இந்தப் பதக்கத்தைப் பற்றி என் கவலை அதைவிடப் பெரியது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, 5ஜி அலையிலிருந்து காப்பதாக விற்கப்பட்ட பதக்கம், காப்பு, கண்மறைப்பு போன்ற பத்துப் பொருள்களைப் பரிசோதித்து, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கவல்ல அயனியாக்கக் கதிர்வீச்சை அவையே வெளியிடுகின்றன என்று கண்டறிந்து, அணிவதை உடனே நிறுத்தச் சொன்னது. இவ்வகைப் பதக்கங்களில் சிலவற்றில் தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் கலந்த கனிமப் பொடி இருப்பது தெரியவந்திருக்கிறது. குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்னும் கனிமத்தில் இருப்பதும் அதே தோரியம்தான். இல்லாத ஆபத்துக்குப் பயந்து உள்ள ஆபத்தைக் கழுத்தில் கட்டிக்கொள்ளும் நிலையை எந்தக் குழந்தைக்கும் யாரும் ஏற்படுத்திவிடக் கூடாது.

நம் நாட்டில் இத்தகைய பொருளுக்கு அரசுசார் மேடையே கிடைத்ததும் உண்டு. 2020 அக்டோபரில் பசுக்களைப் பேணுவதற்காக ஒன்றிய அரசு அமைத்த ராஷ்டிரிய காமதேனு ஆயோக்கின் தலைவர், கைபேசிக் கதிர்வீச்சைக் குறைக்கும் என்று கூறிப் பசுஞ்சாணத்தால் செய்த சில்லு ஒன்றை அறிமுகப்படுத்தினார். நூற்றுக்கணக்கான இந்திய அறிவியலாளர்கள் கையெழுத்திட்டு, அதற்கான சோதனை எங்கே, எப்போது நடந்தது என்று கேட்டுக் கடிதம் எழுதினார்கள். சாணமோ பொன்னிறத் தாளோ, எதை வைத்துச் செய்தாலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

இனிச் சித்தியின் இரண்டாவது கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் ஸ்டிக்கரை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போவது சரியாகாது, ஏனெனில் அந்த ஸ்டிக்கரை விற்பதே அந்தக் கேள்விதான்.

கைபேசி வெளியிடும் ரேடியோ அலை, எக்ஸ்ரேயைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வகையைச் சேர்ந்ததன்று. 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளுக்குள்ள ஆற்றல், அப்படிப் பிய்த்தெடுக்கத் தேவையான ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிஎன்ஏ இழையை நேரடியாக அறுக்க அதனால் முடியாது. உறுதியாகத் தெரிந்த விளைவு, திசுவைச் சிறிதளவு சூடாக்குவது. மெனிஞ்சியோமாவை உண்டாக்கும் என்று நன்கு நிறுவப்பட்ட கதிர்வீச்சு எக்ஸ்ரே வகையைச் சேர்ந்தது. 1950களில் இஸ்ரேலில் தலைப்படை என்னும் தோல் நோய்க்குச் சிகிச்சையாகத் தலையில் எக்ஸ்ரே செலுத்தப்பட்ட குழந்தைகளிடம், பல பத்தாண்டுகள் கழித்து இந்தக் கட்டி மிகுதியாகக் காணப்பட்டது.

ஆனாலும் பயம் காற்றிலிருந்து வந்ததில்லை. 2011 மே 31 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகளை 2பி என்னும் பிரிவில் வைத்தது. “புற்றுநோயை உண்டாக்கக்கூடும்” என்பது அதன் பொருள். ஸ்டிக்கர் பெட்டியில் இந்த வரி பெரிய எழுத்தில் இருக்கிறது. இந்தப் பிரிவு ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை, சான்று எவ்வளவு வலுவானது என்பதையே சொல்கிறது. அதே பிரிவில் கற்றாழையின் முழு இலைச் சாறும், கிழக்காசியாவில் மரபாகச் செய்யப்படும் காய்கறி ஊறுகாயும் உள்ளன என்று பெட்டியில் இல்லை.

அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரமாக இருந்தவற்றுள் ஒன்று 13 நாடுகளில் நடந்து 2010இல் வெளியான இண்டர்ஃபோன் ஆய்வு. மூளைக்கட்டி வந்தவர்களையும் வராதவர்களையும் அழைத்து, கடந்த காலத்தில் எவ்வளவு பேசினீர்கள், எந்தக் காதில் வைத்துப் பேசினீர்கள் என்று கேட்டார்கள். மொத்தத்தில் கைபேசி பயன்படுத்தியோருக்குக் கட்டி கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை. உண்மையில் கிளையோமா என்னும் புற்றுக்கட்டி அவர்களிடம் சற்றுக் குறைவாகவே காணப்பட்டது. ஆனால் வாழ்நாளில் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்ன, மிக அதிகம் பேசிய பத்தில் ஒரு பங்கினரிடம் கிளையோமா ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. கட்டி வந்த பக்கத்துக் காதிலேயே வைத்துப் பேசியதாகச் சொன்னவர்களிடம் அந்தத் தொடர்பு இன்னும் கூடியிருந்தது. மெனிஞ்சியோமாவுக்கு அப்படித் தெளிவான உயர்வு எதுவும் தென்படவில்லை.

இங்கேதான் சித்தப்பாவின் வலது காது நினைவுக்கு வருகிறது. கட்டி வலப்பக்கம் என்று ஸ்கேனில் பார்த்த பிறகுதான், அவர் வலது காதில் வைத்துப் பேசுவார் என்பதை வீட்டில் எல்லோரும் சொல்லத் தொடங்கினோம். அறுவைச் சிகிச்சைக்கு முன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? நான் யோசித்துப் பார்த்தேன். அவர் வலது கையால் புக்கிங் நோட்டில் எழுதிக்கொண்டே இடது தோளில் போனை இடுக்கிப் பேசுவதையும் பல நாள் பார்த்திருக்கிறேன். நோயாளியின் நினைவும் குடும்பத்தின் நினைவும் காரணத்தைத் தேடி அலைபவை. அது யாருடைய பொய்யும் இல்லை, ஆனால் அளவுகோலாக அதை வைக்க முடியாது. இண்டர்ஃபோன் ஆய்வாளர்களே, ஒரு நாளில் நம்பமுடியாத அளவு மணி நேரம் பேசியதாகச் சிலர் சொன்னதைக் குறிப்பிட்டு, நினைவுப் பிழையும் பங்கேற்பில் உள்ள சாய்வும் இந்த முடிவைப் பாதித்திருக்கலாம் என்று எழுதினார்கள்.

ஆகவே பின்னால் வந்த ஆய்வுகளில் சிறந்தவை, நோய் வருவதற்கு முன்பே ஆட்களைச் சேர்த்துப் பின்தொடர்ந்தன. டென்மார்க்கில் 3,58,403 கைபேசிச் சந்தாதாரர்களை அந்நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்விலும், பிரிட்டனில் 7,76,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்விலும் மூளைக்கட்டி கூடவில்லை. 2024இல் வெளியான காஸ்மோஸ் ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் நினைவை மட்டும் நம்பாமல், தொலைபேசி நிறுவனங்களின் அழைப்புப் பதிவுகளையும் வைத்து அது பேச்சு நேரத்தைச் சரிபார்த்தது. டென்மார்க், பின்லாந்து, நெதர்லாந்து, சுவீடன், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் 2,64,574 பேரைச் சுமார் ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், 149 பேருக்குக் கிளையோமாவும் 89 பேருக்கு மெனிஞ்சியோமாவும் வந்தன. மிகக் கூடுதலாகப் பேசியவர்களிடம் இவை கூடுதலாக இல்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 22 நாடுகளின் 63 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த குழுவும் அதே முடிவுக்கு வந்தது. கைபேசி பரவலான பிறகும் நார்டிக் எனப்படும் வட ஐரோப்பிய நாடுகளின் பதிவேடுகளில் கிளையோமாவின் விகிதம் அதற்கேற்ப உயரவில்லை.

எதிர்ப்பக்கத்தில் வைக்கப்படும் பெரிய சான்று, அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் வெளியிட்ட எலி ஆய்வு. நாளுக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு ஆண்டுகள், உடல் முழுவதும் அலை செலுத்தப்பட்ட ஆண் எலிகளின் இதயத்தில் ஒருவகை நரம்புறைக் கட்டி தெளிவாகக் கூடியிருந்தது. இதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. இந்த அலைகளின் வகைப்பாட்டை மறுபடி ஆராய வேண்டும் என்று பன்னாட்டு முகமையின் ஆலோசனைக் குழு பரிந்துரைத்ததற்கு இத்தகைய ஆய்வுகளும் காரணம். ஆனால் பெண் எலிகளில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும், அலை செலுத்தப்பட்ட ஆண் எலிகள் செலுத்தப்படாதவற்றைவிடக் கூடுதல் நாள் வாழ்ந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சித்தியிடம் நான் இந்த எண்களையெல்லாம் சொல்லவில்லை. “லட்சக்கணக்கான பேரைப் பாத்துட்டாங்க சித்தி, நிறையப் பேசுனவங்களுக்கும் கொஞ்சம் பேசுனவங்களுக்கும் வித்தியாசம் தெரியலை. நீங்க ஒண்ணும் பாக்காம விட்டுடலை” என்று மட்டும் சொன்னேன். அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் அடுத்த பரிசோதனையின்போது சித்தியே கேட்டார்; பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கட்டி ஏன் வந்தது என்று சொல்ல முடியாது, கைபேசியைக் காரணம் காட்ட ஆதாரம் இல்லை என்று அவரும் பொறுமையாக விளக்கினார். ஒரு நோயாளியின் மனைவி மீது 299 ரூபாய்ச் சரக்கை விற்பதற்காகக் குற்ற உணர்வைச் சுமத்துவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது போன பணமன்று, அது.

இத்தனைக்குப் பிறகும் தலைக்கு அருகில் அலை குறைந்தால் நல்லது என்று நினைப்பவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளை எண்ணிக் கவலைப்படுபவர்களுக்கு, ஸ்டிக்கரைவிட மலிவான வழி உண்டு. அதே கடையில் தொங்கிக்கொண்டிருந்த 220 ரூபாய் வயர் இயர்போன் அதைச் செய்கிறது. ஆண்டெனாவிலிருந்து விலக விலக அலையின் வலு வேகமாகக் குறையும். கைபேசி காதை விட்டு மேசைக்குப் போய்விட்டாலே தலைக்குச் சேர்வது மிகச் சிறிய பங்காகிவிடும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் அந்த 220 ரூபாயும் மிச்சம். ப்ளூடூத் இயர்போனும் அலையை வெளியிடுவதுதான், ஆனால் கைபேசி உச்ச வலுவில் வெளியிடுவதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. சிக்னல் குறைந்த இடத்தில், லிஃப்டிலோ கொடைக்கானல் மலைப்பாதையில் ஒற்றைக் கோடு தெரியும்போதோ, நீண்ட நேரம் பேசாமல் இருப்பதும் உண்மையான பயனைத் தரும்.

கைபேசியில் *#07# என்று அழுத்தினால் அதன் எஸ்ஏஆர் அளவு, அதாவது உடல் திசு உறிஞ்சிக்கொள்ளும் அலை ஆற்றலின் அளவு, தெரியும். இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் ஒரு கிராம் திசுவில் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட் என்பது உச்ச வரம்பு. இந்த வரம்புகள் பெயரளவுக்கு இருப்பவை அல்ல: 2023இல் பிரான்சில் ஐபோன் 12, கையில் பிடிக்கும் நிலைக்கான சோதனையில் 4 வாட் வரம்பைத் தாண்டி 5.74 காட்டியதால் அங்கே விற்பனை நிறுத்தப்பட்டு, மென்பொருள் மாற்றத்துக்குப் பிறகே அனுமதிக்கப்பட்டது. வீட்டருகே உள்ள கோபுரத்துக்கும் இந்த ஸ்டிக்கர் பாதுகாப்பு என்று கடையில் சொன்னார்கள். கோபுரத்தைப் பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் அதிகாரிகளே வந்து அளந்து சொல்வார்கள்.

கடையின் சேவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பணத்தைத் திருப்பித் தரமாட்டோம், ஏழு நாளுக்குள் பிரிக்காத சரக்கை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பிரிக்காமல் இருந்த மூன்று ஸ்டிக்கர்களைக் கொடுத்துவிட்டு, 897 ரூபாய்க்கு ஈடாக நான்கு வயர் இயர்போன்களும் 17 ரூபாய் சில்லறையும் வாங்கி வந்தோம். ஒட்டிய மூன்றுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பில்லில் “மொபைல் ஸ்டிக்கர் 6” என்று மட்டுமே இருந்தது, கதிர்வீச்சு என்ற சொல்லே இல்லை; வாங்குபவர்கள் இதைக் கவனித்துப் பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், ஏனெனில் அந்த 99 சதவீத வாசகம் அச்சில் இருப்பது பெட்டியில்தான். நான் பெட்டியின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல், சோதனைச் சான்று இல்லாத விளம்பரம் என்று புகார் பதிவு செய்திருக்கிறேன். ஒட்டிய மூன்றில் ஒன்றை நான் பிரித்துவிட்டேன், மற்ற இரண்டும் பெட்டியோடு புகாருக்குச் சான்றாக என் மேசையில் உள்ளன.